வராவிருந்து: ரத்தும் திருப்பித் தருதலும் குறித்து ஒரு மாவியல் ஆய்வு

பாயிரம்

பாயிரம் இல்லாமல் நூலைத் தொடங்கினால் என் பழைய மாணவர்களே என்னை மதிக்க மாட்டார்கள். ஆகவே முறைப்படி எட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆக்கியோன்: தஞ்சாவூர் மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், தாத்தா கட்டிய ஓட்டு வீட்டின் இரண்டு அறைகளை நாள் வாடகைக்கு விடும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். வழி: சென்னையிலிருக்கும் மகள் செல்பேசியில் ஏற்றிக் கொடுத்த செயலி. எல்லை: வடக்கே கொள்ளிடம், கிழக்கே கடல், மேற்கே கல்லணை, தெற்கே எங்கள் வைஃபை எட்டும் வரை. நூற்பெயர்: மேலே உள்ளது. யாப்பு: உரைநடை, இடையிடையே நூற்பா. நுதலிய பொருள்: வருகிறேன் என்று அறை பதிவு செய்தவர் வராமற்போனால் அவர் தந்த பணத்தை என்ன செய்வது. கேட்போர்: திண்ணை வைத்த வீடும் அதை வாடகைக்கு விடும் துணிவும் உள்ளவர்கள். பயன்: கணவன் மனைவிக்கிடையே வாக்குவாதம் குறைதல்.

1. சொல்லியல்

நூற்பா:
வருவேன் என்றவர் வாராது ஒழிதல்
ரத்தெனப் படுமே, ரகர முதலதால்
சொல்லே வழுவெனச் சொல்லவும் படுமே.

இச்சூத்திரம் என்நுதலிற்றோ எனின், ரத்து என்பதன் இலக்கணமும் அதன் இழுக்கும் உணர்த்துதல் நுதலிற்று. தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. இந்தத் தொழிலின் தூண்கள் நான்கு: ரூம், ரூபாய், ரத்து, ரீஃபண்ட். நான்கும் ரகர வரிசையில் தொடங்குகின்றன. தற்செயல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இந்த வியாபாரம் இந்த மண்ணில் தலையெடுக்கக் கூடாது என்றே நம் இலக்கண ஆசிரியர்கள் வாசலிலேயே கட்டை போட்டிருக்கிறார்கள். நாம்தான் முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து ‘இரத்து’ என்று எழுதி, கட்டையைத் தாண்டி வந்துவிட்டோம்.

விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்று பொருள். ஆகவே இரண்டாம் முறை வருபவர் இலக்கணப்படி விருந்தே அல்லர். அவருக்குத் தள்ளுபடி கேட்கும் உரிமை மட்டும் உண்டு. வடமொழியில் அதிதி என்பதை ‘திதி இல்லாதவர்’ என்று பிரித்துச் சொல்வார்கள். நாள் குறிக்காமல் வந்து நிற்பவர் என்று கருத்து. முன்பதிவு செய்பவரோ வருகிற தேதி, போகிற தேதி, வருகிற மணி எல்லாம் குறித்துத் தருகிறார். எனவே அவர் அதிதியும் ஆகார். விருந்தும் இல்லை, அதிதியும் இல்லை என்றால் அவர் யார்? அவர் ரத்து செய்யும் வரை இந்தக் கேள்வி எழுவதில்லை. எழும்போது விடை ஒரே சொல்தான்: பார்ட்டி. “அந்தப் பார்ட்டி வரலையாம்.”

திதி பற்றி இன்னொரு குறிப்பு. காவிரிக் கரையில் திதி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது தர்ப்பணம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் திருவையாற்றுப் படித்துறைக்கு வருபவர்கள் எங்கள் வீட்டில் தங்குவதுண்டு. இவர்கள் ரத்து செய்து நான் பார்த்ததில்லை. உயிரோடிருப்பவர்களிடம் தேதியை மாற்றச் சொல்லலாம். மேலே இருப்பவர்களிடம் எந்த எண்ணில் கூப்பிட்டுச் சொல்வது?

2. முன்னோர் மொழிந்தவை

விருந்தோம்பலுக்கு வள்ளுவர் ஒன்பதாம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார். 81 முதல் 90 வரை பத்துக் குறள். அதில் 86-வது குறள், போகிற விருந்தை உபசரித்து அனுப்பிவிட்டு வருகிற விருந்துக்கு வழிபார்த்திருப்பவனை வானத்தார் விருந்தாக ஏற்பார்கள் என்கிறது. ஆக வள்ளுவரிடம் விருந்து இரு வகை: செல்விருந்து, வருவிருந்து. மூன்றாவதாகிய வராவிருந்தைப் பற்றிப் பத்துக் குறளில் ஓர் அசைகூட இல்லை. வழிபார்த்துப் பார்த்து இரவு பதினொரு மணிக்கு வாசல் விளக்கை அணைத்தவனுக்கு வானத்தார் என்ன தருவார்கள், பாதியா முழுசா என்பதும் சொல்லப்படவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே இந்த ஆய்வின் அடக்கமான நோக்கம்.

அடுத்த சான்று பெரிய கோயில். ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து, ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் கொடுத்தான். 1014-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு, எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, யார் பெயர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. இவ்வளவு துல்லியமான அறைப் பட்டியலை இன்றைய செயலிகளிலும் நான் பார்த்ததில்லை. படம் இல்லை என்ற ஒரே குறைதான். நமக்கு வேண்டிய செய்தி கடைசியில் வருகிறது. இவர்களில் யாரேனும் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவர்களுக்கு நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டும். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைத் தேர்ந்து வைக்க வேண்டும். அறை காலியானால் என்ன செய்வது என்று கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. பணத்தைத் திருப்பித் தருவது என்ற பேச்சே இல்லை, ஆளை மாற்று என்பதுதான் விதி. ‘நீங்க வரலைன்னா உங்க மச்சானை அனுப்புங்க’ என்று நான் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டு மரபு நிற்கிறது.

அதே காலத்துக் கோயில் வழக்கம் இன்னொன்று, ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தையில் ஆடு சாகும், குட்டி போடும். கணக்கில் மட்டும் 96 குறையாது. இதற்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். திருப்பித் தரப்படாத முன்பணம் என்று இன்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைக்காது. அது சாகாது, மூப்படையாது, வந்த வழியே திரும்பவும் போகாது.

மூன்றாவது சான்று மராட்டியர் சத்திரங்கள். ராமேசுவரம் போகும் வழியெல்லாம் தஞ்சை மராட்டியர் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரமும் நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரமும் அவற்றுள் பெயர்பெற்றவை. 1801-ல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில் சத்திரத்து நடைமுறையை விரித்துச் சொல்கிறார். வருகிறவர் எந்தச் சாதியானாலும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாதவருக்கு அரிசியும் சாமானும் அளந்து கொடுக்கப்படும். நோயாளிக்கு வைத்தியம், குழந்தைக்குப் பால், வந்த இடத்தில் இறந்தவருக்கு அவரவர் முறைப்படி ஈமக்கடன். பிறப்பிலிருந்து இறப்பு வரை எல்லாவற்றுக்கும் ஏற்பாடு இருக்கிறது, ரத்துக்கு மட்டும் இல்லை. காரணம் எளிது. சத்திரத்தில் முன்பதிவு கிடையாது. வந்தவரை எண்ணினார்கள், வராதவரை எண்ணவில்லை. வராதவரை எண்ணத் தொடங்கிய நாளில்தான் சத்திரம் ஹோம்ஸ்டே ஆயிற்று.

3. காரண வகை

நூற்பா:
தீட்டே பஞ்சாங் கம்மே புயலே
காத்திருப் போர்நிரல் அத்தை வீடென
ஐந்தே காரணம், ஏனைய பொய்யே.

தீட்டு: பங்காளி வீட்டில் சாவு என்றால் பத்து நாள் கோயிலுக்குள் போகக் கூடாது. நவகிரகச் சுற்று வரக் கும்பகோணத்துக்கும் தஞ்சைக்கும் அறை போட்டவர் இந்தச் செய்தி வந்ததும் வண்டியைத் திருப்பிவிடுவார். செயலிக்காரர்கள் சான்றிதழ் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் துக்கம் சொன்னவரிடம் சான்றிதழ் கேட்டால் நமக்கும் அந்தச் சான்றிதழ் வாங்கித் தந்துவிடுவார்கள்.

பஞ்சாங்கம்: இது இந்த மண்டலத்துக்கே உரிய வகை. தியாகராசர் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில் வருவது. அவர் மறைந்தது 1847 ஜனவரி 6. வெளிநாட்டிலிருந்து இங்கிலீஷ் தேதியை வைத்து அறை போடும் ரசிகர், பஞ்சரத்தினம் பாடி முடிந்து பந்தல் பிரிக்கும் நாளில் வந்து இறங்கும் ஆபத்து ஆண்டுதோறும் உண்டு. இதைவிடச் சிக்கலானது வாக்கியமும் திருக்கணிதமும் முரண்படுவது. 2025 மார்ச் 29-ல் சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதத்தை நம்பிப் பலர் கிளம்பினார்கள். திருநள்ளாறு கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது. பெயர்ச்சி 2026-ல்தான் என்று கோயில் தரப்பில் அறிவித்துவிட்டார்கள். சனி பகவான் நகராததால் விருந்தாளிகளும் நகரவில்லை. ரத்து செய்தவர்களில் ஒருவர் என்னிடம், “பெயர்ச்சி கேன்சல் ஆயிடுச்சு சார், நான் கேன்சல் பண்ணல” என்றார். இவர் வாதத்தைப் பின்னால் சட்டப் பகுதியில் எடுத்துக்கொள்வோம். பார்ப்பதற்குச் சிரிப்பாக இருந்தாலும் இவர் பக்கம் ஒரு லண்டன் நீதிமன்றம் நிற்கிறது.

புயல்: 2018 நவம்பர் 16 விடியலில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. தென்னை சாய்ந்து கிடந்த பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சிக்னலே இல்லை. யார் ரத்து செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளவே வழியில்லாத ரத்து அது. இங்கே ஆய்வு செய்ய ஒன்றுமில்லை. கொடுத்துவிட வேண்டியதுதான்.

காத்திருப்போர் நிரல்: உழவன் எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் கடைசி நிமிடம் வரை ஏழிலேயே நின்றுவிட்டது என்பது. அறையை உறுதி செய்த பிறகே ரயிலுக்கு டிக்கெட் போடும் நம்மவர் பழக்கத்தால் விளைவது.

அத்தை வீடு: ஐந்திலும் ஆராய்ச்சிக்கு வளமானது இதுதான். வேலை விஷயமாக வருபவர் அறை போட்டுவிட்டு, ஊரிலிருக்கும் உறவினருக்கு மரியாதைக்கு ஒரு போன் செய்வார். “நாங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கறப்ப, ரூம் போட்டு தங்குவியாடா?” என்று அத்தை அந்தப் பக்கம் அழத் தொடங்குவார். ஐந்து நிமிடத்தில் அறை ரத்து. ஆக விருந்தோம்பலை விற்பவனுக்கு முதல் எதிரி இலவசமாகத் தரப்படும் விருந்தோம்பல். நேர்மையான ஆய்வாளன் தன் தவற்றையும் பதிவு செய்ய வேண்டும். என் மனைவியின் அண்ணன் மகன் போன வருடம் கும்பகோணத்தில் ஒரு விடுதியில் அறை போட்டிருந்தான். என் மனைவிதான் அதட்டி ரத்து செய்ய வைத்து, முக்கால் மணி நேரம் பேருந்தில் வரவழைத்து, கூடத்தில் பாய் போட்டுப் படுக்க வைத்தாள். அந்த விடுதிக்காரர் இதேபோல் கட்டுரை எழுதினால் அதில் ஐந்தாம் காரணம் நாங்கள்தான்.

4. உறவுச் சொற்களின் ஏற்ற இறக்கம்

ரத்துக்கு முன்னும் பின்னும் விருந்தாளி விளிக்கும் முறை மாறுகிறது என்பதை என் பதிவு நோட்டு காட்டுகிறது. விலை கேட்கும்போது ‘சார்’. பணம் செலுத்திய பிறகு ‘சார்’ போய் ‘நீங்க’. வழி கேட்கும்போது ‘அண்ணே’. ரத்து செய்யும்போதுதான் உறவு உச்சத்துக்குப் போகிறது: “அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க தம்பி மாதிரி நெனச்சுக்குங்க.” பாதிதான் திரும்பும் என்று சொன்னதும் தம்பி மறைந்து ‘மிஸ்டர்’ தோன்றுகிறார். அதன் பிறகு வருவது நட்சத்திர விமர்சனம். அதில் நான் ‘தி ஓனர்’.

இதிலிருந்து பெறப்படும் விதி: கேட்கும் தொகை கூடக் கூட உறவு நெருங்கும், கிடைக்கும் தொகை குறையக் குறைய உறவு விலகும்.

இதற்கு எதிர்ச்சான்று இந்திய ரயில்வே. 2015 நவம்பரில் வந்த விதிப்படி, உறுதியான டிக்கெட்டை 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் சிறு கட்டணம் பிடித்தார்கள். 48-க்கும் 12-க்கும் இடையில் கால்வாசி போனது. 12-க்கும் 4-க்கும் இடையில் பாதி போனது. அதற்குப் பின் ஒன்றும் வரவில்லை. கவுன்ட்டரில் யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. காரணம், ரயில்வேயை யாராலும் ‘அண்ணே’ என்று கூப்பிட முடியாது. அறை விடுபவனுக்குத் தொல்லை அவன் வீட்டில் திண்ணை இருப்பதால் வருகிறது. திண்ணை போட்டவன் உறவு. உறவிடம் விதி பேசலாமா?

5. சட்டமும் தீர்வையும்

இந்தப் பொருளில் உலகப் புகழ்பெற்ற வழக்கு நாள் வாடகை வழக்குதான். 1902 ஜூன் 26, 27 தேதிகளில் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு ஊர்வலம் லண்டன் பால் மால் தெரு வழியாகப் போவதாக இருந்தது. அங்கே 56-ஏ எண் வீட்டை ஹென்றி என்பவர் கிரெல் என்பவரிடம் அந்த இரண்டு நாளும் பகலுக்கு மட்டும் 75 பவுனுக்குப் பேசி, 25 பவுன் அச்சாரமும் கொடுத்தார். ஜன்னலுக்குத்தான் அந்த விலை. ஜூன் 24-ல் அரசருக்குக் குடல்வால் அறுவை நடந்தது. ஊர்வலம் நின்றது. கிரெல் மீதி 50 பவுனைக் கேட்டு வழக்குப் போட்டார். ஊர்வலம் பார்ப்பதே இருவரும் மனத்தில் வைத்த நோக்கம், அது நடக்கவில்லை, ஆகவே தர வேண்டியதில்லை என்று 1903-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு சொன்னது.

சனி பகவான் விருந்தாளி சொன்னதும் இதுவே அல்லவா? ‘பெயர்ச்சி கேன்சல் ஆயிடுச்சு, நான் பண்ணல.’ ஆனால் உற்றுப் பார்த்தால் ஒரு நுணுக்கம். எட்வர்ட் வருவதாக இருந்து வரவில்லை. சனி பகவான் அன்று வருவதாகத் திருநள்ளாற்றில் யாரும் சொல்லவில்லை. திருவாரூர் ஆழித்தேர் ஓடாமல் நின்றுபோனால் விருந்தாளி கிரெல் வழக்கைக் காட்டலாம். தேர் ஓடி, அவருக்கு லீவு கிடைக்காமற்போனால் காட்ட முடியாது. தேர் என்றைக்கு என்பதையே தவறாகக் குறித்துக்கொண்டவர் எந்தப் பக்கம்? அறிஞர்கள் இதை ஆராய வேண்டும். நான் பாதி கொடுத்து முடித்தேன்.

நம் நாட்டில் 1872 ஒப்பந்தச் சட்டம் லண்டன் வழக்குக்கு முப்பது ஆண்டு முன்னரே இந்தக் கருத்தைத் தொட்டுவிட்டது. செய்ய முடியாமற்போன காரியத்துக்கான ஒப்பந்தம் செல்லாது என்பது அதன் 56-ஆம் பிரிவு. கிரெல் வீட்டு எண்ணும் 56 என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. 65-ஆம் பிரிவு, அப்படிச் செல்லாமற்போனால் பெற்ற பயனைத் திருப்பிக் கொடு என்கிறது. 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் அதற்கு உட்பட்டு நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. நியாயம் என்றால் எவ்வளவு? அதற்கான அளவுகோல் நீதிமன்ற நூலகத்தில் கிடைக்கவில்லை. எங்கள் சமையலறையில் கிடைத்தது. அங்கே சற்று நேரத்தில் போகிறோம்.

அதற்குமுன் வரி. ரத்துக் கட்டணம் என்று பிடித்துக்கொள்ளும் தொகைக்கு, அசல் சேவைக்கு என்ன வீதமோ அதே வீதத்தில் ஜிஎஸ்டி என்று 2022 ஆகஸ்டு 3-ல் வந்த 178-ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. அதாவது, விருந்தாளி எந்த அறைக்கு வராமல் இருந்தாரோ அந்த அறையின் வீதம். சத்திரம் வராதவரை எண்ணவில்லை என்று முன்னே சொன்னேன். அரசாங்கம் அவரை எண்ணி, எந்தக் கட்டிலில் படுக்கவில்லை என்பது வரை குறித்துக்கொள்கிறது.

பெருந்தொற்றுக் காலத்தையும் விட்டுவிட முடியாது. 2020 பிப்ரவரி 5 பெரிய கோயில் குடமுழுக்குக்குத் தஞ்சையில் திண்ணைகூடக் காலி இல்லை. இருபத்துமூன்று ஆண்டுக்குப் பின் நடந்தது அல்லவா? மார்ச் இறுதியில் அதே ஊரில் அறைகளெல்லாம் காலி. அந்த மாதம் ஏர்பிஎன்பி நிறுவனம் விருந்தாளிகளுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தர முடிவு செய்தது. வீட்டுக்காரர்கள் உலகெங்கும் கொதித்தார்கள். மாத இறுதியில் அதன் தலைவர் பிரையன் செஸ்கி 25 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தார். ரத்து விதிப்படி வீட்டுக்காரருக்கு வந்திருக்க வேண்டிய தொகையில் 25 சதவீதம். அந்த 25-ஐ எங்கோ கேட்டதுபோல் இருந்தது. பிறகு நினைவு வந்தது: பிரதமர் பயிர்க் காப்பீட்டில், தண்ணீரோ மழையோ பொய்த்து விதைக்கவே முடியாமற்போனால் காப்பீட்டுத் தொகையில் தருவது 25 சதவீதம் வரை. சான் பிரான்சிஸ்கோவில் உட்கார்ந்து யோசித்தாலும் டெல்லியில் உட்கார்ந்து யோசித்தாலும் விதைக்காத வயலின் விலை கால்வாசிதான்.

6. மாவுக் கொள்கை

இந்தக் காப்பீட்டுக் கணக்கிலிருந்துதான் எனக்குப் பொறி தட்டியது. செயலிகள் ரத்தை நாள் கணக்கில் அளக்கின்றன. ஒரு நாளுக்கு முன், ஐந்து நாளுக்கு முன், முப்பது நாளுக்கு முன் என்று. நாள் என்பது வெறும் எண். இந்த ஊரில் எதையும் அப்படி அளப்பதில்லை. நாற்றங்காலில் இருக்கிறதா, நடவாகிவிட்டதா, கதிர் வந்துவிட்டதா என்றுதான் கேட்போம். காரணம், நாற்றைப் பறித்து நட்ட பிறகு அதைத் திரும்ப நாற்றங்காலுக்குக் கொண்டுபோக முடியாது. திருப்பித் தருவது பற்றிய கேள்வி முழுவதும் ‘எது திரும்பும், எது திரும்பாது’ என்பதில் அடங்கிவிடுகிறது.

எனவே இரண்டு கணக்கு முன்மொழிகிறேன். பண்டிகைக்கும் பெருவிழாவுக்கும் நெடுங்கணக்கு. உதாரணம் 2028 மகாமகம். 2004, 2016-க்கு அடுத்தது. இதற்குச் சம்பாப் பயிரே அளவு. நாற்றங்கால் காலத்தில் ரத்து செய்தால் முழுதும், நடவுக்குப் பின் பாதி, கதிர் வந்த பின் ஒன்றும் இல்லை. டெல்டாவில் யாருக்கும் இதை விளக்க வேண்டாம். மற்றவர்கள் தங்கள் ஊர் விவசாயியைக் கேட்டுக்கொள்ளலாம்.

சாதாரண நாட்களுக்குக் குறுங்கணக்கு. இதற்கு அளவு இட்லி மாவு. எங்கள் வீட்டில் காலை உணவு சேர்த்துத்தான் வாடகை. விருந்தாளி மாலை வருவார் என்றால் அன்று பகல் பன்னிரண்டுக்கு என் மனைவி ஆடுதுறை 37 குண்டரிசியைக் களைந்து ஊறப்போடுவாள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். ஐந்து மணிக்கு கிரைண்டர் ஓடும். ராத்திரி முழுக்கப் புளிக்கும். காலையில் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

நூற்பா:
ஊறா அரிசி முழுதும் திரும்பும்;
ஊறிய அரிசி முக்கால் திரும்பும்;
அரைத்த மாவே அரையென மொழிப;
பொங்கிய மாவுக்குப் பொருளே இல்லை.

மூன்றாம் அடியில் ‘அரைத்த’ என்பதற்கும் ‘அரை’ என்பதற்கும் உள்ள சிலேடை காண்க. வேண்டுமென்றே செய்தது. ‘பொருளே இல்லை’ என்றது, பணம் திரும்பாது என்பதே அன்றி மாவு வீண் என்பதன்று.

கொள்கையை வகுத்தபின் சோதனை வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை ஆறரை மணி. கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம், இரண்டு அறை, ஆறு பேர், இரவு வருவதாக இருந்தார்கள். போன் வந்தது.

“சார், வணக்கமுங்க. இன்னிக்கு நைட்டு வர்றதா இருந்தமுங்க. பையனுக்கு நாளைக்கு ஸ்கூல்ல ஸ்பெஷல் கிளாஸ் வெச்சுட்டாங்க. கெளம்பவே முடியலீங்க.”

“பரவாயில்லம்மா. செயலில போட்டிருக்கற ரூல்படி...”

“அதுல என்னென்னமோ பர்சன்டேஜ் எல்லாம் போட்டிருக்குதுங்க. ஒண்ணும் புரியலீங்க. முழுசா திருப்பிக் குடுத்தீங்கன்னா நல்லாயிருக்கும்.”

நான் செயலி விதியை விளக்க வாயெடுத்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது: “ஆறு பேருக்கு மாவு அரைச்சு வெச்சாச்சுன்னு சொல்லுங்க!”

அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு, “அக்கா மாவு ஆட்டிட்டாங்ளா?”

“ஆட்டியாச்சும்மா.”

“அச்சச்சோ. அப்படீன்னா முழுசெல்லாம் வேண்டாமுங்க சார். பாதி போதுமுங்க. அத்தனை மாவையும் அக்கா என்னங்க பண்ணுவாங்க?”

இங்கே ஆய்வாளன் மூன்று குறிப்பு எழுதிக்கொண்டான். ஒன்று: அரைத்தலைக் கொங்குநாட்டார் ஆட்டுதல் என்பர், இது திசைச்சொல். இரண்டு: நூற்பாவைப் பார்க்காமலே அவர் நூற்பா சொன்ன பாதிக்கு வந்து நின்றார். செயலியின் சதவீதத்தை ஏற்காதவர் மாவின் பாதியை ஒரு நொடியில் ஏற்றார். அவர் வீட்டிலும் கிரைண்டர் இருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம். நான்காம் பகுதியில் சொன்ன என் விதி அன்று தோற்றுப்போனது. அவர் முகம்கூடப் பார்க்காத என் மனைவியை ‘அக்கா’ என்றார். அந்த அக்காவுக்குப் பின்னால் கோரிக்கை எதுவும் வரவில்லை. கேட்டதை விட்டுக்கொடுத்த பிறகு வந்த அக்கா அது. என் நோட்டில் அந்த வகைக்கு ஒரு பத்தி இல்லாததால் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

மாவு என்ன ஆயிற்று என்பதும் ஆய்வில் சேரும். ஞாயிறு காலை இட்லி: எங்களுக்கும், எதிர்வீட்டுக்கும், ஆட்டோ ஸ்டாண்டுக்கும். திங்கள் தோசை. செவ்வாய் ஊத்தப்பம், வெங்காயம் தூக்கலாக. புதன் குழிப்பணியாரம். வியாழக்கிழமை மாவின் வாசனையை விளக்க என் புலமை போதாது. அத்தனை மாவையும் தின்று தீர்த்தபின் என் மகள் போனில், “அப்பா, அதுக்குப் பேர்தான் லாஸ்” என்றாள். நான்கு நாள் சந்து முழுக்கச் சாப்பிட்டது எப்படி நஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை. வணிகவியல் வேறு துறை.

7. புறனடை

எல்லா நூலுக்கும் கடைசியில் ஒரு புறனடை வேண்டும். சொன்னவற்றில் அடங்காதவற்றை அங்கே தள்ளிவிட்டு ஆசிரியர் எழுந்துபோகலாம்.

நூற்பா:
துக்கமும் பிணியும் சொல்லியோர்க்கு எல்லாம்
மாவும் பயிரும் மறந்துடன் தருக;
கிளந்த அல்ல வேறுபிற தோன்றின்
மனைவியைக் கேட்டு வகுத்தனர் கொளலே.

உரை வேண்டாம். கடைசி அடி ஒன்றே போதும்.

இவ்வளவும் எழுதி முடித்த இன்று பகல் பன்னிரண்டு மணி. திருச்சியிலிருந்து நாலு பேர் மாலை வருவதாகப் பதிவு. காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. சமையலறையிலிருந்து கேள்வி வந்துவிட்டது.

“வர்றாங்களா இல்லையா? அரிசியை ஊறப்போடவா வேண்டாமா?”

ராஜராஜன், சரபோஜி, கிரெல், 74-ஆம் பிரிவு, நான் எழுதிய நான்கு நூற்பா, எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு எதிலும் விடை இல்லை. தலையை ஆட்டினேன். தஞ்சாவூர்க்காரன் தலையாட்டினால் அது ஆமாவா இல்லையா என்று இன்னும் எந்த ஆய்வும் முடிவு சொல்லவில்லை. அரிசி களையும் சத்தம் கேட்டது.